கடலைத் தேர்வதற்கு முன் கரையைத் தேர்க

வெப்பமண்டலக் கடல்களில் ஸ்கூபா முக்குளிப்புக்காகச் செல்வது ஒரு தலைமுறைக்கு முன்புவரை மேலைநாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்காகவே நம்மவரால் கருதப்பட்டு வந்ததாயினும், இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உள்ள நடுத்தரக் குடும்பத்தினர் பலர், தேனிலவுக்கென்றோ கோடை விடுமுறைக்கென்றோ அந்தமானையும் மாலத்தீவையும் இலங்கையையும் தாய்லாந்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே செல்லலாம் என்று பிரயாண முகவர்களிடம் ஆலோசனை கேட்கும் காலம் வந்துவிட்டது. அந்த ஆலோசனையில் விலை பேசப்படுகிறது. விடுதியின் வசதிகள் விவரிக்கப்படுகின்றன. நீரின் நீலமும் மீன்களின் நிறமும் படம் படமாகக் காட்டப்படுகின்றன. ஆனால் நீரில் இறங்கியவர் மயங்கிய நிலையில் மேலே வந்தால் படகில் பிராணவாயு இருக்குமா, சிகிச்சை அளிக்கக்கூடிய இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது, அதன் செலவை யார் ஏற்பார், பிழை செய்தவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதேயில்லை.

அழகைப் பொறுத்தமட்டில் ஒரு கடலை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது அவரவர் ரசனையைச் சார்ந்த விஷயம்; அதில் தவறு நேர்ந்தால் நஷ்டம் கொஞ்சம் பணமும் கொஞ்சம் ஏமாற்றமுமே. பருவமறிந்து படகு விடுதல், பயிற்சியறிந்து ஆளை இறக்குதல், மீட்பு வசதி, சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் கரையில் உள்ளவர்களின் பொறுப்பு. இவற்றில் நேரும் தவறோ உயிரையே விலையாகக் கேட்கும். ஆகவே கடல் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் கரை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதே விவேகம். அவ்வாறு விசாரிக்கவும், பிழை நேர்ந்தவிடத்துப் பரிகாரம் தேடவும் நமக்குள்ள உரிமைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீருக்கடியில் உடலுக்கு நேர்வது

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறினார்கள். ஸ்கூபாவில் இறங்குவோர், 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் காக்னானும் உருவாக்கிய சாதனத்தின் வழிவந்த கருவிகளைக் கொண்டு, எந்த ஆழத்தில் இருக்கிறார்களோ அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமான காற்றை அங்கேயே சுவாசிக்கிறார்கள். சௌகரியமும் இதுவே, அபாயமும் இதுவே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதியின்படி, 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மூச்சை வெளிவிடாமல் மேலே ஏறினால் இருமடங்காக விரிய முற்பட்டு, நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பது இக்கலையின் முதற்பாடம். பீதியில் முதலில் மறந்துபோவதும் அந்தப் பாடமே.

இரண்டாவது அபாயம் நைட்ரஜனால் வருவது. ஆழத்தில் சுவாசிக்கும்போது அவ்வாயு ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததும் பொங்குவது போல உடலுக்குள் குமிழிகள் தோன்றி, மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல், சில சமயம் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். டிகம்பிரஷன் நோய் எனப்படும் இதனைத் தவிர்க்கவே, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தாமதிப்பதும் வழக்கமாயின. 1980-ல் அமெரிக்காவில் தோன்றிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் அமைப்பு, ஒரே ஒருமுறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறையோ பல நாட்களோ முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் கழியாமல் விமானம் ஏறலாகாது என்று அறிவுறுத்துகிறது. விமானம் மட்டுமன்று, உயரமான மலையும் அத்தகையதே. ஹிக்கடுவையில் மாலையில் முக்குளித்துவிட்டு, மறுநாட்காலை 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவுக்குக் கார் ஏறும்படி நிகழ்ச்சிநிரல் வகுத்துக் கொடுக்கும் முகவர், அறியாமையால் தம் வாடிக்கையாளரை அபாயத்தில் தள்ளுகிறார். இதைத் திருத்தித் தருமாறு கேட்பது பயணியின் உரிமை.

பருவத்துக்கேற்ற இடம்

இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த தேசங்களில் முக்குளிப்பின் காலத்தை நிர்ணயிப்பவை இரு பருவக்காற்றுகளே. அந்தமானில் நவம்பர் முதல் மே மாதத்தின் முற்பகுதிவரை கடல் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். இலட்சத்தீவிலும் அவ்வாறே; அங்கே இந்தியப் பிரஜைகளும் அனுமதிச் சீட்டுப் பெற்றே நுழைய வேண்டும் என்பதால், அச்சீட்டு கைக்கு வருமுன் முழுத் தொகையையும் செலுத்துவது புத்திசாலித்தனமன்று. இலங்கையின் நிலை விசேஷமானது: மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஹிக்கடுவை முதலிய இடங்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல்வரையும், கிழக்கே திருகோணமலை, நிலாவெளிக்கு எதிரிலுள்ள புறாத் தீவு ஆகியவற்றுக்கு மே முதல் செப்டம்பர்வரையும் நற்காலம், ஆகவே அத்தீவில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கரை திறந்திருக்கும், ஆனால் எந்தக் கரை என்பதைப் பயணி அறிந்திருக்க வேண்டும்.

தாய்லாந்திலும் இவ்விரட்டைத் தன்மை உண்டு. மேற்குக் கடலில் உள்ள சிமிலான் தீவுகள் தேசியப் பூங்கா மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை ஒவ்வோராண்டும் மூடப்படுகிறது. கிழக்கே வளைகுடாவிலுள்ள கோ தாவ் தீவுக்கோ அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் மழைக்காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால், மே இறுதியில் சிமிலானுக்கு அழைத்துச் செல்வதாக எவரேனும் முன்பணம் கேட்டால், அவர் அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தே மறைப்பவராக இருக்க வேண்டும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை நீர் தெளிந்திருக்கும். மே முதல் நவம்பர்வரை மழையும் மிதவையுயிரிகளும் மிகுந்து, அவற்றை உண்ண மாந்தா எனப்படும் பெருந்திருக்கைகள் ஹனிஃபாரு விரிகுடாவில் கூடும். அவ்விரிகுடாவில் ஸ்கூபா தடை செய்யப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில் குழாயிட்டு நீந்துவதற்கு மட்டுமே அனுமதி. ஹனிஃபாருவில் ஸ்கூபா என்று விளம்பரம் செய்பவர், சட்டம் அனுமதிக்காத ஒன்றை விற்பனை செய்கிறார் என்று அறிக.

பயிற்சிக்கேற்ற இடம்

நீச்சல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை என்னும் வாசகம் நம் நாட்டுக் கடற்கரை விளம்பரங்களில் மலிந்துள்ளது. பயிற்சியற்றவருக்கு ஆசிரியர் உடனிருந்து காட்டும் அறிமுக முக்குளிப்பைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் அதன் ஆழம் 12 மீட்டரைத் தாண்டலாகாது, ஓர் ஆசிரியரிடம் நால்வருக்கு மேல் ஒப்படைக்கலாகாது என்பவை சர்வதேசப் பயிற்சி அமைப்புக்கள் வகுத்த எல்லைகள். கலங்கிய நீரில் நால்வர்கூட அதிகம். சான்றிதழ் தரும் படிப்போ வேறு. ஓப்பன் வாட்டர் என்னும் முதற்சான்றிதழுக்கு 200 மீட்டர் தூரம் நீந்தியும் 10 நிமிஷம் மிதந்தும் காட்ட வேண்டும். நீந்தத் தெரியாதவருக்கு இரண்டே நாட்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர் தருவது வெறும் காகிதமே. அச்சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர்வரையும், அடுத்த நிலையினர் 30 மீட்டர்வரையும் இறங்கலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் இறுதி எல்லை 40 மீட்டர். மாலத்தீவின் சட்டமோ எவராயினும் 30 மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்குக்காகச் செல்லலாகாது என்கிறது.

இந்த எண்களை மனத்திற்கொண்டு இடங்களைப் பார்த்தால் தேர்வு எளிதாகும். புதியவர்களுக்கு அந்தமானின் ஸ்வராஜ் தீவிலும், பருவகாலத்துப் புறாத் தீவிலும், கோ தாவிலும் உள்ள ஆழங்குறைந்த, நீரோட்டம் மெல்லிய இடங்கள் போதுமானவை. மாலத்தீவின் பவளத்திட்டுக்களுக்கிடையே கடல் பாய்ந்து செல்லும் கால்வாய்களும், பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனீடா, நூசா லெம்பொங்கான் தீவுகளின் கரையோரமும் வேகமான நீரோட்டம் உடையவை. அவை அனுபவசாலிகளுக்கே உரியவை. அனுபவமும் அங்கே முழுக் கவசமன்று. 2014 பிப்ரவரியில் லெம்பொங்கானுக்கு அருகே ஜப்பானியப் பெண்கள் எழுவர், முக்குளிப்பு ஆசிரியைகள் உட்பட, முக்குளித்து மேலே வந்தபோது மோசமான வானிலையில் படகு அவர்களைக் காணவில்லை. ஐவர் மூன்று நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டனர், இருவர் உயிருடன் மீளவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சரித்திர ஆர்வம் எவ்வளவு மிக்கதாயினும், முதற்சான்றிதழ் மட்டும் உடையவரை அதற்கு அழைத்துச் செல்ல முன்வரும் வழிகாட்டியைவிட்டு விலகுவதே நன்று.

மீட்பு வசதி

டிகம்பிரஷன் நோய்க்கு முதலுதவி நூறு சதவீதப் பிராணவாயு; முறையான சிகிச்சை, உயரழுத்த அறை என்னும் கலத்தினுள் நோயாளியை வைத்து மீண்டும் அழுத்தமேற்றிப் படிப்படியாகத் தணிப்பது. அந்தமானில் அவ்வசதி ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் கடற்படை மருத்துவமனையில் உள்ளது. ஸ்வராஜ் தீவிலிருந்து அங்கு செல்லக் கடல் கடக்க வேண்டும். மாலத்தீவில் தலைநகர் மாலேவுக்கு அருகிலுள்ள பண்டோஸ் தீவில் உள்ளது. ஆனால் அத்தேசம் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது என்பதால், தென்கோடித் தீவுகளில் தங்குவோருக்கு மாலத்தீவில் வசதி உண்டு என்னும் பொதுவார்த்தை பயன் தராது. தாய்லாந்தில் புக்கெட்டில் உள்ளது. எந்த ஊராயினும், அந்த அறை இம்மாதத்தில் இயங்குகிறதா, இரவில் அங்கே எப்படிக் கொண்டுசேர்ப்பீர்கள் என்று முக்குளிப்பு நிலையத்தாரிடம் கேட்டால், பதிலின் விரைவே அவர்களுடைய ஆயத்தத்தைக் காட்டிவிடும்.

படகில் ஆட்களை எண்ணிக்கை எடுப்பது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியர் இன்னும் நீருக்கடியில் இருக்கும்போதே சுற்றுலாப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது, அவர்கள் இல்லை என்பது இரண்டு நாட்களுக்குப் பின்புதான் உணரப்பட்டது, அவர்கள் கிடைக்கவேயில்லை. அதன் விளைவாக குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் ஆட்களை எண்ணிப் பதிவு செய்வது கடுமையான விதியாயிற்று. நம் பக்கத்துப் படகுகளில் புறப்படும்போதும் திரும்பும்போதும் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா என்பதைப் பயணியே கவனிக்கலாம். எண்ணாவிடில் எண்ணும்படி வற்புறுத்தலாம்.

பல நாட்கள் கடலிலேயே தங்கும் கப்பல்களில் செல்வோர் மற்றொன்றையும் ஆராய வேண்டும். 2019 செப்டம்பர் 2-ஆம் தேதி கலிஃபோர்னியாக் கடலில் கன்செப்ஷன் என்னும் முக்குளிப்புக் கப்பல் இரவில் தீப்பற்றியபோது கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் மாண்டனர். சுற்றிவரும் இரவுக் காவலர் எவரும் இல்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. அச்சம்பவத்துக்குப் பின் கப்பலின் உரிமையாளர், தம் பொறுப்பைக் கப்பலின் எஞ்சிய மதிப்பளவுக்குச் சுருக்கிக்கொள்ள அனுமதிக்கும் 1851-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடினார். சிறு பயணிக் கப்பல்களுக்கு அச்சலுகை இல்லையென்று அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது 2022-ல்தான். ஆகவே வெளியேறும் வழிகள் எத்தனை, இரவுக் காவல் உண்டா, மின்கலங்களை எங்கே சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்று முதல் இரவிலேயே கேட்டறிவது அநாகரிகமன்று.

கடையிலும் படகிலும்

முக்குளிப்பு நிலையத்தின் மேசையில் முதலில் நீட்டப்படுவது மருத்துவ வினாத்தாள். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்து என்று வரிசையாக வினாக்கள் இருக்கும். குறிப்பிட்ட வினாக்களில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்று விடையளித்தால் மருத்துவரின் கையெழுத்தின்றி நீரில் இறங்கலாகாது. படகு காத்திருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது, மேசைக்கு அப்பால் இருப்பவர் தாளின்மேல் பேனாவை வைத்து, “சார், எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, இல்லாட்டி டாக்டர் லெட்டர் கேப்பாங்க” என்கிறார். ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் விழுங்கிவந்த ஐம்பது வயதுக்காரரும் அவசரத்தில் அப்படியே செய்துவிடுகிறார். அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று நஷ்டங்கள் விளைகின்றன: உடலுக்கு ஆபத்து, காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கக் காரணம், வழக்கு வந்தால் எதிர்த்தரப்புக்கு ஒரு சாட்சியம். வினாத்தாளைப் புறப்படுமுன்பே வரவழைத்து, வேண்டின் மருத்துவரிடம் காட்டிச் செல்வதே இதற்குப் பரிகாரம்.

சாதனங்களைப் பரிசோதிக்க நிபுணத்துவம் வேண்டியதில்லை. காற்றடைத்த உருளையின் தோள்பட்டையில் நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் வருஷமும் பொறிக்கப்பட்டிருக்கும்; அச்சோதனை ஐந்தாண்டுக்கொருமுறை நடப்பது பரவலான வழக்கம். வாய்க்கருவியில் மூச்சிழுத்துக்கொண்டே காற்றழுத்த மானியின் முள்ளைப் பார்க்க வேண்டும்: நிறைந்த உருளையில் அது 200 பார் அளவில் அசையாது நிற்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் உருளையின் வால்வு முழுவதும் திறக்கப்படவில்லை என்று பொருள், மேற்பரப்பில் போதுமான காற்று ஆழத்தில் போதாமற்போகும். காற்றில் எண்ணெய் நாற்றமோ புகை நாற்றமோ இருப்பின், அதை நிரப்பிய இயந்திரம் தன் எஞ்சின் புகையையே உறிஞ்சியிருக்கலாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நாற்றமில்லை, ஆனால் அதனோடு வரும் புகைக்கு உண்டு. அத்தகைய உருளையை மறுப்பதற்குக் காரணம் கூறக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆசிரியரின் தகுதியையும், அவரது உறுப்பினர் எண்ணைக் கொண்டு “பாடி” (PADI), எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி அமைப்புக்களின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விளம்பரமும் ஒப்பந்தமும்

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறின. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர். வெளிறிய பவளம் சில இடங்களில் தேறும். பல இடங்களில் மடிந்து சாம்பல் நிறப் பாசி படரும். ஆனால் விளம்பரப் படங்கள் வெளிறுவதில்லை. பத்தாண்டுக்கு முன் எடுத்த ஊதாவும் மஞ்சளுமான பவளத் தோட்டமே இன்றும் விற்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றியும் சேவையைப் பற்றியும் பொய்யாகச் சித்திரிக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வகைப்படுத்தி, அதன்மேல் நடவடிக்கை எடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. படம் எந்த ஆண்டில் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று மின்னஞ்சலில் கேட்பதும், அப்பதிலைச் சேமிப்பதும் பயணிக்கு ஆதாரமாகும்.

அடுத்தது பொறுப்புத் துறப்புப் பத்திரம். என்ன நேர்ந்தாலும், எங்கள் அலட்சியத்தாலேயே நேர்ந்தாலும், நாங்கள் பொறுப்பல்லோம் என்னும் வாசகத்தில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று பாதிக்கப்பட்டவர் பலர் மனமொடிந்து மௌனமாகிவிடுகின்றனர். இந்தியாவில் அளிக்கப்பட்ட சேவையைப் பொறுத்தவரை அக்கையெழுத்து மட்டுமே நஷ்டஈடு கேட்கும் உரிமையை அழித்துவிடாது. கடலின் இயல்பான அபாயம் வேறு, நிலையத்தாரின் சேவைக் குறைபாடு வேறு. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாததாக அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் அளிக்கப்பட்டிருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம்வரை புகார்க் கட்டணமில்லை. முக்குளித்த இடத்துக்குப் போகாமல், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். வழக்குக்கு முன் சமரசம் நாடுவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வெளிநாட்டு நிலையத்தில் நேரே பணம் செலுத்தியவருக்கு நிலைமை கடினம். தாம் வசிக்கும் ஊரில் புகார் தாக்கல் செய்ய முடிந்தாலும், கிடைத்த தீர்ப்பை மாலேயிலோ புக்கெட்டிலோ நிறைவேற்றுவது எளிதன்று. தமிழகத்து முகவர் மூலம் முழுப் பயணமும் பதிவு செய்யப்பட்டிருந்தால், அம்முகவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வழியுண்டு. ஆகவே முக்குளிப்பும் பயணத் தொகுப்பில் அடங்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குவது நன்று. தனிநபரின் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்புவதைவிடக் கடன் அட்டையில் செலுத்துவது மேல்; சேவை கிடைக்காதபோது வங்கியிடம் அத்தொகையைத் திரும்பக் கேட்க அது இடமளிக்கிறது.

காப்பீடு

சாதாரணப் பிரயாணக் காப்பீட்டுப் பத்திரங்களில் பல, சாகச விளையாட்டுக்களை விலக்கியிருக்கும். சில, தகுதிபெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் செய்தால் மட்டும், அதுவும் குறித்த ஆழம்வரை மட்டும், ஏற்றுக்கொள்ளும். முகவரின் வாய்வார்த்தையை நம்பாமல், ஸ்கூபா, உயரழுத்த சிகிச்சை, அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவு ஆகிய மூன்றும் பத்திரத்தின் வாசகத்தில் உள்ளனவா என்று படித்தறிய வேண்டும். இல்லையேல் முக்குளிப்போருக்கெனத் தனியாக உள்ள காப்பீட்டை எடுக்க வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, 30 நாட்களில் பதிலில்லாவிடினும் பதில் திருப்தியளிக்காவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

விபத்து நேர்ந்தால்

நீரிலிருந்து வந்தவருக்கு மரமரப்போ, அசாதாரணக் களைப்போ, பேச்சுக் குழறலோ தோன்றினால், வெயிலின் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே பிராணவாயு கொடுத்து, மருத்துவரை நாட வேண்டும். அறிகுறி தணிந்தாலும் மருத்துவரைப் பார்க்காதிருத்தல் தகாது. மீண்டும் நீரில் இறக்கிச் சரிசெய்வதாக எவரேனும் சொன்னால் மறுக்க வேண்டும். அதற்கடுத்தது ஆதாரம்: அவர் உபயோகித்த உருளை, வாய்க்கருவி, கைக்கடிகாரம் போன்ற டைவ் கம்ப்யூட்டர் ஆகியவற்றை எவரும் கழுவுமுன்போ வேறொருவருக்குக் கொடுக்குமுன்போ படமெடுத்து, உருளையில் எஞ்சிய காற்றின் அளவைக் குறித்து, போலீசாரிடம் ஒப்படைக்கும்படி கேட்க வேண்டும், உடனிருந்தோரின் பெயரும் தொலைபேசி எண்ணும், மருத்துவமனைக் குறிப்புக்களும் பின்னால் உதவும்.

இந்தியாவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தல், பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சம்பவம் அந்தமானில் நடந்திருந்தாலும், நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 173-ஆம் பிரிவின்படி, எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதிவு செய்யலாம். குற்ற வழக்கு நடப்பதால் நஷ்டஈட்டுப் புகாருக்குரிய இரண்டாண்டுக் கெடு நீளாது என்பதை மறத்தலாகாது. வெளிநாட்டில் நேர்ந்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிப்பதோடு, வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் இணையதளத்திலும் முறையிடலாம். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசாரின் எண் 1155.

உரிமை பேசுவோர் கடமையையும் அறிய வேண்டும். நம் நாட்டில் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மடிந்து கரையொதுங்கிய துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் இடுவதும் வழக்குக்கு ஆளாக்கும்.

முன்பணத்துக்கு முன்

மேற்கூறியவை யாவும், பணம் செலுத்துமுன் எழுத்தில் கேட்கத்தக்க சில வினாக்களில் அடங்கிவிடும்: நான் வரும் மாதத்தில் எந்தக் கரையில் முக்குளிப்பு நடைபெறும், என் சான்றிதழுக்கு எவ்வளவு ஆழம்வரை அழைத்துச் செல்வீர்கள், ஓர் ஆசிரியரிடம் எத்தனை பேர், படகில் பிராணவாயு எத்தனை நிமிஷங்களுக்குப் போதும், உயரழுத்த அறை எங்கே, அதை அடைய எவ்வளவு நேரம், கடல் கொந்தளித்தால் பணம் திரும்புமா. கட்டண விவரம் கேட்டால் கால்மணியில் அனுப்பும் நிலையத்தார் இவற்றுக்கு விடையளிக்க நாட்களைக் கடத்தினாலும், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தாலும், கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம். ஆணையங்களும் குறைதீர்ப்பாளர்களும் பின்னால் தரக்கூடிய பரிகாரங்களுக்கெல்லாம் மாதங்களும் வருஷங்களும் ஆகும். அத்தகைய நிலையத்துக்கு முன்பணம் கொடுக்க மறுப்பதற்கோ ஒரு நிமிஷமும் ஆகாது, ஒரு காசும் செலவாகாது.